காற்றாடிமலையில் ஒரு சொல்

ஆரல்வாய்மொழியில் காற்று ஆளைத் தள்ளியது. செபமாலையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு காற்றாடிமலையில் ஏறினேன். 1752 ஜனவரி 14 அன்று புனித தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்ற இடம் இது.

வேலையிடத்துச் சிக்கல் ஒன்று இரண்டு வருடமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது. அது தீர வேண்டும் என்று கேட்கத்தான் வந்தேன்.

கிறிஸ்தவராகும் முன் நீலகண்ட பிள்ளையாகத் திருவிதாங்கூர் அரண்மனையில் பணியில் இருந்தவர் தேவசகாயம். மாடுகளும் பயிரும் அடுத்தடுத்து அழிந்து மனமுடைந்து நின்றபோது, திருவிதாங்கூர் படையின் டச்சுத் தளபதி டிலனாய் அவருக்குச் சொன்னது யோபுவின் கதை. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. 'கிறிஸ்துவிடம் வா, நஷ்டம் சரியாகும்' என்று ஆசை காட்டாமல், எல்லாம் இழந்தும் கடவுளை விடாத ஒருவனைக் காட்டியிருக்கிறார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. 1749 பிப்ரவரி 23 அன்று கைது.

அப்புறம் வந்ததுதான் கொடுமை. எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள். ஏறக்குறைய மூன்று வருடம், ஆயிரம் நாளுக்கு மேல். 'பழையபடி வந்துவிடுகிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எந்த நாளிலும் விட்டிருப்பார்கள். துப்பாக்கிக்கு முன்னால் நின்றது ஒரு முறை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்தது ஒவ்வொரு காலையும்.

மணியடிச்சான் பாறைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி என் கையில் சின்னக் கல்லைத் தந்தார். "பலமா அடிக்காண்டாம் மக்களே. மெல்ல தட்டிட்டு காத வச்சுக் கேளு." தட்டினேன். கல் மேல் கல் பட்ட சத்தமாக இல்லை. வெண்கலத்தில் தட்டியதுபோல் கணீரென்று எழுந்து, காற்றில் கரைந்தது. தேவசகாயம் சுடப்பட்டு விழுந்தபோது ஒலித்த பாறை என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை.

நிழலில் உட்கார்ந்து லூக்கா 9:23 வாசித்தேன். 'தம் சிலுவையை நாள்தோறும் தூக்கிக்கொண்டு' என்கிறார் இயேசு. மத்தேயுவிலும் மாற்குவிலும் இதே வசனம் உண்டு, 'நாள்தோறும்' மட்டும் லூக்காவில்தான். எத்தனையோ முறை படித்தும் அந்தச் சொல்லில் நான் நின்றதில்லை.

கேட்க வந்ததை மாற்றிக் கேட்டேன்: ஆண்டவரே, திங்கட்கிழமை காலைக்கு மட்டும் பலம் கொடும்.

இறங்கும்போது பாட்டி இன்னொருவர் கையில் கல்லைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கோட்டாறில் இருக்கும் தேவசகாயத்தின் கல்லறைக்குப் போகப் பேருந்து பிடித்தேன்.