வல்லைவெளியில் மட்டும் நிற்கும் கார்

சென்ற ஆண்டு தைப்பொங்கலுக்கு இரண்டு கிழமைகள் இருக்கையில், 1959ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கிக் கோண்டாவிலில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். மனைவி அதை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "இஞ்சேருங்கோ, இது எங்கட அப்பாவை விட ஒரு வயசுதான் இளமை. அவருக்கே மாதாமாதம் கிளினிக் காட்ட வேண்டிக் கிடக்கு" என்றார். அதை அப்போது நான் ஒரு பகிடியாகவே எடுத்துக்கொண்டேன்.

1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாகிப் பதினாறு இலட்சத்துக்கும் மேல் உற்பத்தியான இந்தக் காரை வடிவமைத்தவர், பின்னாளில் மினி காரையும் வடிவமைத்த அலெக் இசிகோனிஸ். என்னுடைய காரின் இயந்திரம் 948 சிசி, 37 குதிரைவலு. யாழ்ப்பாணத்திலோ இந்த விபரங்கள் எவருக்கும் தேவைப்படுவதில்லை. அறுபது வயதைத் தாண்டிய ஆண்களில் மைனரையோ ஒஸ்ரின் ஏ40ஐயோ ஓட்டியிராதவர் ஒருவேளை இருக்கலாம், தள்ளியிராதவர் இருக்க முடியாது. 1990களில் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய கார்கள் இவை. ஆகையால், "மண்ணெண்ணெயிலேயே ஓடின சாமானுக்கு என்ன பராமரிப்பு?" என்பது எங்கள் ஒழுங்கையின் பொதுக் கருத்தாக இருந்தது. முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே கீழே வழிந்து, எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கி, எத்தனையோ இயந்திரங்களை அந்தக் காலத்தில் சாகடித்தது என்பதை எனக்குப் பின்னர் சொன்னவர், காங்கேசன்துறை வீதியோரம் சிறிய கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணை ஒருவர்தான்.

அவரைத் தேடிப் போவதற்கு முன்னரே நான் என் கையால் சில திருப்பணிகளைச் செய்து முடித்திருந்தேன். முதலாவதாக, றேடியேற்றரில் இருந்த கலங்கல் நீரை வெளியேற்றிவிட்டு எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினேன். சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறிவரும் அந்தத் தண்ணீர், தேநீர்க் கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்கைக் கட்டுவதை நாள்தோறும் பார்த்தபடியே அதை நிரப்பினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவதாக, புது ரேடியோ ஒன்றைப் பொருத்தச் செய்தேன். இந்தக் காரில் பற்றரியின் நேர் முனைதான் உடலோடு தொடுக்கப்பட்டிருக்கும், இக்காலக் கார்களில் அது மறுதலை என்பது எனக்கும் தெரியாது, பொருத்திய பொடியனுக்கும் தெரியாது. ரேடியோ பாடவில்லை, புகைத்தது. மூன்றாவதாக, துருவேறிக் கிடந்த பெற்றோல் தாங்கி மூடியைக் கழற்றி எறிய எடுத்து, மனம் வராமல் டிக்கிக்குள் போட்டுவிட்டு, பளபளக்கும் புது மூடி ஒன்றைப் பூட்டினேன். இந்த மூன்றில் மூன்றாவதுதான் பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சிய வேலை.

மெக்கானிக் அண்ணை கிணற்றுத் தண்ணீரை வெளியேற்றி, மழைநீர் பிடித்து வைத்து ஊற்றும்படி சொன்னார். பிறகு காருக்கு அடியில் படுத்தவர், முன் சில்லுகள் திரும்பும் இடத்தில் உள்ள கிறீஸ் முலைகளை எனக்குக் காட்டினார். ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை, அதுவும் காரை யக்கில் உயர்த்தி அந்த மூட்டின் மேலுள்ள பாரத்தை எடுத்த பின்னர், கிறீஸ் அடிக்க வேண்டும். பாரம் இருக்கும்போது அடித்தால் கிறீஸ் போக வேண்டிய பக்கத்துக்குப் போகாது. கிறீஸ் காணாத மூட்டின் புரிகள் தேய்ந்து தேய்ந்து, ஒருநாள் அந்தச் சில்லு மடங்கிக் கார் முழந்தாளில் இருந்துவிடும். மைனர் எவ்வளவு நல்ல காராக இருந்தாலும் இந்த ஒரு விடயத்தில் மன்னிக்காது என்றார். காபரேற்றரின் தலையில் உள்ள சிறு மூடியைக் கழற்றி அதற்குள் மெல்லிய ஒயில் விடவும், தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தொட்டு விடும் பொயின்ற் என்ற சிறு தகடுகளின் இடைவெளியை 0.38 மில்லிமீற்றருக்கு வைக்கவும் சொல்லித் தந்தார். அதற்கான அளவுத் தகடு இல்லாவிட்டால் கலியாணக் கார்ட் ஒன்றை இடையில் விட்டுப் பார்க்கலாம் என்பது எங்கள் அயலில் உள்ள ஓய்வுபெற்ற மாஸ்ரரின் யோசனை. வரும் அழைப்பிதழ்களின் தடிப்பு ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போவதால் நான் தகட்டையே வாங்கிக்கொண்டேன்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்த காரில் குடும்பத்தோடு பருத்தித்துறையில் உள்ள மாமா வீட்டுக்குப் புறப்பட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை, கோப்பாய், நீர்வேலி, புத்தூர் எல்லாம் தாண்டி வல்லைவெளிக்குள் இறங்கியதும், கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. வெறும் வெளி, கடற்காற்று, நிழலுக்கு ஒரு மரமும் இல்லை. சற்றுத் தள்ளி முனியப்பர் கோவில் மட்டும் இருந்தது. அந்த வழியால் போகும் வாகனங்கள் அங்கே நின்று கும்பிட்டுப் போவது வழக்கம். நாங்கள் நிற்காமல் போக நினைத்ததுதான் குற்றம் என்று தீர்மானித்த மனைவி, இறங்கிப் போய்க் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தார். நான் திறப்பைத் திருப்பினேன். கார் உடனே இயங்கியது. பருத்தித்துறை வரை ஒரு முனகலும் இல்லை, திரும்பி வரும்போதும் இல்லை.

அடுத்த மாதமும் அதே வெளியில், ஏறத்தாழ அதே மின்கம்பத்துக்கு அருகில் நின்றது. கற்பூரம் கொளுத்தியதும் இயங்கியது. மூன்றாம் முறை முன்னெச்சரிக்கையாகக் கோவிலில் நிறுத்துவதாகவே முடிவுசெய்து போனோம்; அது கோவிலுக்கு அரைக் கிலோமீற்றர் முன்னரே நின்றுவிட்டது. "கிட்ட வர முதலே கும்பிட வேணும் போல" என்றார் மனைவி.

நான் முனியப்பரை மறுப்பவன் அல்லன். ஆனால் காபரேற்றர் விடயத்தில் அவர் தலையிடுவார் என்றும் நம்பவில்லை. ஆகவே அயலவர்களின் ஆலோசனைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றத் தொடங்கினேன். மாஸ்ரர், தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் சுருளைக் காட்டி, "உது கொயில் சூடாகுது, மாத்தும்" என்றார், மாற்றினேன். பழைய வாடகைக் கார் சாரதி ஒருவர் கொண்டென்சர் என்றார், அதையும் மாற்றினேன். ஒழுங்கை முடக்கில் உள்ள கடைக்காரர், வெயிலுக்குப் பெற்றோல் ஆவியாகிக் குழாயை அடைக்கிறது, பெற்றோல் பம்பின் மேல் நனைத்த சாக்குத் துண்டு போட வேண்டும் என்றார். ஈரச் சாக்கைச் சுமந்துகொண்டு வல்லைவெளி வரை போய், அங்கே நின்று, காய்ந்த சாக்கோடு மாமா வீட்டில் போய் இறங்கினேன். மாமா சாக்கைப் பார்த்தாரே தவிர ஒன்றும் கேட்கவில்லை. மருமகனிடம் கேட்கக்கூடாத கேள்விகள் சில இருக்கின்றன போலும்.

கடைசியில் மெக்கானிக் அண்ணையிடமே போய் முறையிட்டேன். நகரத்துக்குள் எத்தனை முறை ஓடினாலும் நிற்காத கார், வல்லையில் மட்டும், அதுவும் போகும்போது மட்டும் நிற்கிறது என்றேன். அவர் பொனற்றைத் திறக்கவில்லை. "போக முதல் என்ன செய்யிறனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். மாமியார் வீட்டுக்குப் போகிறோமே, வழியில் அவமானப்படக் கூடாதென்று தாங்கியை முட்ட முட்ட நிரப்புவேன் என்றேன். "அப்ப நாளைக்கும் நிரப்பிக்கொண்டு வாங்கோ, நானும் வாறன்" என்றார்.

மறுநாள் வல்லைவெளியில், இயந்திரத்தின் பின்னால் இருக்கும் பெற்றோல் பம்பின் ரிக் ரிக் சத்தம் மெலிந்து அடங்க, கார் வழமைபோல் நின்றது. நான் பொனற்றை நோக்கி ஓடினேன். அண்ணை பீடியைப் பற்றவைக்கப் போனவர் வைக்காமல் மீண்டும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, காரின் பின்பக்கம் போய்த் தாங்கியின் மூடியைத் திருகினார். 'புஸ்' என்று நீளமாக ஒரு சத்தம் கேட்டது. பம்பு தானாகவே மறுபடி ரிக் ரிக் என்று துடிக்கத் தொடங்கியது.

அந்தப் பளபளக்கும் மூடியில் காற்றுப் புகுவதற்கான சிறு துளை இல்லை. பெற்றோல் குறையக் குறைய அதன் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, முன்னால் இருந்து உறிஞ்சும் பம்பு ஒரு கட்டத்தில் தோற்றுவிடும். முட்ட நிரப்பிய தாங்கியில் தொடக்கத்திலேயே காற்றுக்கு இடமில்லாதபடியால் வெற்றிடம் விரைவில் கூடும். அது கூடி முற்றுவதற்கு எங்கள் வீட்டிலிருந்து வல்லைவெளி வரையான தூரம் சரியாக இருந்திருக்கிறது. கற்பூரம் எரிந்து முடிகிற நேரத்தில் மூடியின் விளிம்பு வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றுக் கசிந்து புகுந்து பம்பை விடுவித்திருக்கிறது. திரும்பும்போது தாங்கியில் காற்றுக்கு வேண்டிய இடம் இருந்ததால் கார் நிற்கவில்லை. இவ்வளவையும் கேட்டபின் டிக்கிக்குள் கிடந்த துருப்பிடித்த பழைய மூடியை எடுத்துத் தூக்கிப் பார்த்தேன். நடுவில் துளை வழியே வல்லைவெளியின் வானம் ஊசிமுனை அளவில் தெரிந்தது.

கொயிலுக்கும் கொண்டென்சருக்கும் ஆன செலவை மனைவியிடம் இன்றுவரை முழுமையாகச் சொல்லவில்லை. காற்று விடயத்தை மட்டும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த அண்ணையை அண்டைக்கு அங்க கொண்டுவந்து விட்டது ஆர்?" என்று கேட்டார். ஆகவே இப்போதும் வல்லையில் நிற்கிறோம்; நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காரை நானே நிறுத்த வேண்டியிருக்கிறது.

புது மூடியை அண்ணை தம் கராஜ் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார். புதிதாகப் பழைய கார் வாங்கி வருபவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். சென்ற கிழமை கிறீஸ் அடிக்கப் போனபோது ஆணி மட்டும் இருந்தது. அண்ணை இல்லாத நேரத்தில், அண்மையில் பழைய கார் ஒன்றை வாங்கிய இளைஞர் ஒருவர் வந்து, மூடி வடிவாக இருக்கிறதென்று கேட்க, வேலை பழகும் பொடியன் கழற்றிக் கொடுத்துவிட்டானாம். அந்த இளைஞரின் தொலைபேசி இலக்கமாவது இருக்கிறதா, சொல்லிவிடலாமே என்று நான் பதறினேன்.

அண்ணை கிறீஸ் துவக்கை நிரப்பிக்கொண்டே, "அந்தரப்படாதேங்கோ தம்பி, வருவார்" என்றார்.