தெரியாதுன்னு எழுதிக்கோங்க

"ஏனுங்க சார், எனக்கு பேட்லாக் தெரியாதுன்னு எழுதிக்கோங்க."

எங்க கார்மென்ட் ஃபேக்டரியில டீ டைம் முடிஞ்சு மெஷினுக்குத் திரும்பற வழியில, யாருக்கு எந்த மெஷின் எவ்வளவு தெரியும்னு வட்டம் போட்டுக் காட்டற ஸ்கில் மேட்ரிக்ஸ் போர்டு முன்னாடி நின்னு, சைடு சீம் அடிக்கற ஒரு அக்கா சொன்னது இவ்வளவுதான். பேட்லாக்ங்கறது துணி ஓரத்தை மடிச்சு அடிக்கற மெஷின். நான் அப்ப மார்க்கரோட அவங்க பேருக்கு நேரா இருக்கற வட்டத்துல மூணாவது கால் பாகத்தை நிரப்பிட்டு இருந்தேன், சந்தோஷமா வேற. "என்னக்கா இப்படி சொல்றீங்க, தொழில் கத்துக்கிட்டா உங்களுக்குத்தானே நல்லது"ன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துட்டு "செரிங்க சார்"னு போயிட்டாங்க. சண்டை கிடையாது, முகத்துல கோபம் கூட இல்ல. நாலு வருஷம் ஆச்சு, அந்த "செரிங்க சார்"க்கு என்ன அர்த்தம்னு இன்னும் எனக்கு பிடிபடல.

நான் ஐஈ, இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர். ஸ்டாப்வாட்ச்சோட பின்னாடி வந்து நிக்கற ஆளு, லைன்ல யாருக்கும் பிடிக்காது. அந்த பேட்லாக் ட்ரெய்னிங் முழுக்க என்னோட ஐடியா. சனிக்கிழமை சம்பளம் குடுத்தா திங்கக்கிழமை 24 மெஷின்ல நாலஞ்சு காலியா கெடக்கும், அதுல ஒன்னு பேட்லாக்கா இருந்துட்டா அன்னைக்கு கதை முடிஞ்சுது, ஷோல்டர், ஸ்லீவ், சைடு எல்லாம் ஓடி வந்து, பேட்லாக்ல கீழ் ஓரம் மடிச்சு அடிக்கற பாட்டம் ஹெம்முல மலையா குவியும், அந்தப் பக்கம் செக்கிங்ல பொண்ணுங்க சும்மா உக்காந்திருப்பாங்க. துணியைச் சேர்த்து அடிக்கற ஓவர்லாக் மெஷின் டெய்லர்னா கடைசி வரைக்கும் ஓவர்லாக்தான், பக்கத்து மெஷினைத் தொட மாட்டாங்க, இங்க அது ஊறிப்போன பழக்கம். அதை உடைக்கணும்னுதான் எட்டு பேரை எடுத்து மூணு வாரம் தினம் ஒரு மணி நேரம் பேட்லாக் சொல்லிக் குடுத்தோம். முதல்ல கட்டிங் வேஸ்ட்ல கோடு போட்டு, அப்புறம் ஆல்டர் பீஸ்ல (தப்பா அடிச்சு திருத்த வந்தது), கடைசியா லைன் பீஸ்ல.

சொல்லிக் குடுத்த முறை புதுசு ஒன்னும் இல்ல. 1940கள்ல அமெரிக்காவுல யுத்த நேரத்து ஃபேக்டரிகளுக்காக உண்டாக்கின டிடபிள்யூஐ (ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி) தான், அப்புறம் ஜப்பானுக்குப் போய் அங்க வேர் பிடிச்சது. ஆளைத் தயார் பண்ணு, செஞ்சு காட்டு, செய்ய விட்டுப் பாரு, அப்புறமா போய் கவனி, நாலே படி. அந்த கார்டுல ஒரு வரி இருக்கும், தொழிலாளி கத்துக்கலேன்னா சொல்லிக் குடுத்தவன் சொல்லிக் குடுக்கலைன்னு அர்த்தம்னு. எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி, ட்ரெய்னிங் ரூம் செவுத்துல தமிழ்ல எழுதி ஒட்டியிருந்தேன். நல்லா கத்துக்கிட்டு வந்து தெரியாதுன்னு எழுதச் சொல்றவங்களுக்கு என்ன பண்றதுன்னு அதுல இல்ல.

ட்ரெய்னிங் வேலை செஞ்சுது, அதை மறைக்க முடியாது. ரெண்டு மாசத்துல திங்கக்கிழமை லைன் நிக்கறது நின்னுச்சு. ஹெம்முல ஆல்டர் குறைஞ்சுது, ஏன்னா சைடு அடிக்கறவங்களே ஹெம்மும் அடிச்சுப் பார்த்தப்பதான் சைடு சீம்ல நூல் விட்டா ஹெம்முல என்ன ஆகுதுன்னு அவங்களுக்குப் புரிஞ்சுது. இது நான் எதிர்பார்க்காத லாபம். ஓவர்டைம் கூட கொறஞ்சுது.

இனி அந்தக்கா கணக்கைப் பாருங்க, நான் அப்ப பார்க்காத கணக்கு. சைடு சீமுக்கு எஸ்ஏஎம், அதாவது ஒரு பீஸுக்குன்னு கணக்குப் போட்ட நேரம், 0.6 நிமிஷம், 480 நிமிஷ ஷிப்டுக்கு 800 பீஸ் அடிச்சா நூறு சதவீதம். அவங்க அசால்ட்டா 600 அடிப்பாங்க, 75 சதவீதம். எங்க இன்சென்டிவ் 65ல ஆரம்பிக்கும். அதே ஆளை அரை நாள் பேட்லாக்ல உக்கார வெச்சா புதுக்கை, 45 வரும், ரெண்டையும் சேர்த்தா 60. அன்னைக்கு இன்சென்டிவ் போச்சு. ஒரு நாள்னா பரவால்ல, ஆனா எட்டு பேர்ல நல்லா கத்துக்கிட்டது அவங்கதான், அதனால எங்க ஓட்டை விழுந்தாலும் சூப்பர்வைசர் கூப்பிடறது அவங்களைத்தான். சுமாரா கத்துக்கிட்டவங்க தங்கள் மெஷின்ல நிம்மதியா உக்காந்து இன்சென்டிவ் வாங்கிட்டு இருந்தாங்க. வாரத்துக்கு 300 ரூபா கிட்ட வாங்கிட்டு இருந்தவங்க 80, 90னு வாங்க ஆரம்பிச்சாங்க. ஷீட்டுல இது எல்லாமே இருந்துச்சு, தினமும் நானே போட்ட ஷீட்டு. லைன் எஃபிஷியன்ஸி கட்டத்தை மட்டும் பார்த்தேன்.

அப்புறம் இன்னொன்னு இருக்கு, இதுதான் சொல்ல கஷ்டமா இருக்கு. இந்த ட்ரெய்னிங்குக்கு ஓனரை சம்மதிக்க வெக்க ஒரு ஸ்டடியைக் காட்டினேன். பெங்களூரு கார்மென்ட் ஃபேக்டரிகள்ல பெண் தொழிலாளர்களுக்கு ட்ரெய்னிங் குடுத்து, குடுக்காதவங்களோட ஒப்பிட்டுப் பார்த்தது. அது மெஷின் ட்ரெய்னிங் இல்ல, பேசிப் பழகறது, நேரத்தைப் பிரிச்சு வேலை பாக்கறது மாதிரி விஷயங்கள். ட்ரெய்னிங் எடுத்தவங்க உற்பத்தி 13.5 சதவீதம் அதிகம். அதே பத்தியில சம்பளம் ஏறினது அரை சதவீதம்னும் இருந்துச்சு, ஆளுங்க வேலையை விட்டுப் போறதும் கூடலைன்னு. ஓனருக்கு இருந்த ஒரே பயம் கத்துக் குடுத்தா பக்கத்து கம்பெனிக்கு ஓடிடுவாங்கங்கறதுதான். அதனால 13.5ஐப் பெருசாப் போட்டேன், ஆளு போக மாட்டாங்கங்கறதையும் போட்டேன். அரை சதவீதத்தைப் போடல. பொய் சொல்லலையேன்னு நினைச்சுக்குவேன். ஸ்லைடுல இடம் இல்லைன்னும் நினைச்சுக்குவேன், அது பொய்.

அந்தக்கா சொன்ன மறுநாள் வட்டத்தை அழிச்சேன், நிஜமாவே துணியால துடைச்சேன். பத்து நாள் சூப்பர்வைசர் அவங்களைத் தொடல. அதுக்குள்ள பையர் விசிட் வந்துச்சு, மேனேஜர் வந்து "என்ன தம்பி, ட்ரெய்னிங் குடுத்தோம்ங்கற, போர்டுல பாதி வெள்ளையா இருக்குது"ன்னார். முந்தின நாள் சாயங்காலம் திரும்ப நிரப்பினேன். காலையில அவங்க போர்டைத் தாண்டிப் போனாங்க, பார்த்தாங்களா இல்லையான்னு தெரியல. ஒன்னும் கேக்கல.

சும்மா இருக்கலைங்க நான். மெஷின் மாத்தின நாளுக்கு அவங்க பழைய சராசரியையே போட்டு இன்சென்டிவ் குடுக்கலாம்னு எழுதிக் குடுத்தேன், கணக்கு குழப்பமாயிடும்னு அக்கவுண்ட்ஸ்ல தள்ளிட்டாங்க. பதிலுக்கு ரெண்டு மெஷின் தெரிஞ்சவங்களுக்கு ஒரு நாளைக்கு 10 ரூபா சேர்த்துக் குடுக்க ஓனர் ஒத்துக்கிட்டார். 400 ரூபா கூலிக்கு 10 ரூபான்னா இரண்டரை சதவீதம், பெங்களூரு அரை சதவீதத்துக்கு அஞ்சு மடங்குன்னு அன்னைக்கு ராத்திரி எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வாரத்துக்கு 60 ரூபா. அவங்க இழந்தது 200க்கு மேல. இந்தக் கழித்தலை வேணும்னே செய்யாம இருந்தேனா, நிஜமா தோணலையா, தெரியல.

ட்ரெய்னிங் குடுக்காம இருந்திருக்கணுமான்னா இல்லைன்னுதான் சொல்வேன், இப்பவும். ஒரே மெஷின்ல இருபது வருஷம் உக்காந்து தோள்பட்டை போனவங்களையும் பார்த்திருக்கேன். அந்தக்கா வேலையை விட்டும் போகல, நான்தான் வேற கம்பெனிக்கு வந்துட்டேன், சம்பளம் நல்லாவே ஏறிச்சு.

இங்கயும் போன மாசம் அதே போர்டு. லைனைச் சுத்தி வந்து ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டேன். மூணாவது மெஷின்ல ஒரு பொண்ணு, கை ஓடற வேகத்தைப் பார்த்தாலே தெரியும், எதைக் குடுத்தாலும் ஒரு வாரத்துல பிடிச்சிடும். பேட்லாக் பழகிக்கிறியாம்மான்னேன். "வேண்டாங்க சார், அந்த மெஷின்னாலே எனக்கு பயம்"னு சொல்லுச்சு, தலை நிமிரல. மார்க்கர் மூடியைத் திறந்தவன் மூடிட்டு அடுத்த மெஷினுக்குப் போனேன். நிஜமாவே பயமாத்தான் இருக்கும்.