ஒரு சாண் சேற்றுக்குள்

கடலடிச் சேற்றில் ஒரு சதுர மீட்டருக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நூற்புழுக்கள் (நெமடோடுகள் எனப்படும், நூல் போன்ற மிகச் சிறிய புழுக்கள்) இருப்பது சாதாரணம். ஆனால் அவை சீராகப் பரவியிருப்பதில்லை. சில சென்டிமீட்டர் தள்ளி மண் எடுத்தாலே எண்ணிக்கையும் இனங்களும் மாறிவிடும்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஐரோப்பாவின் வாடன் கடல். ஓதம் வற்றும் மணல்வெளியில் அரெனிகோலா என்ற பெரிய மணற்புழு வளை தோண்டி, நீரை உள்ளே இறைக்கிறது. சுற்றிலும் ஆக்சிஜன் இல்லாத கறுத்த மண். வளைச்சுவரை ஒட்டி மட்டும் மெல்லிய ஆக்சிஜன் படலம். அங்கேதான் நூற்புழுக்கள் போன்ற சின்னஞ்சிறு உயிர்கள் கூடுகின்றன. நூற்புழுக்களுக்கு நீரில் மிதந்து பரவும் இளம்பருவமும் கிடையாது; குஞ்சுகள் பொரித்த மண்ணிலேயே வளர்கின்றன. அப்புறம் திட்டுத்திட்டாகத்தானே இருக்கும்!

சேற்றில் குழாயைச் செருகி எடுத்த ஒரே ஒரு குழாய் மண்ணை வைத்து "இதுதான் இந்தக் கடலடி" என்று அறிக்கை எழுதுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பக்கத்துப் பக்கத்தில் நாலைந்து குழாயாவது எடுங்கள்.