பதினெட்டுச் சுற்றுகள்

கோவையில் ஒரு சிறிய கருவிப் பட்டறையில் வேலை பார்த்தபோது, மில் ஒன்றுக்காகச் சுழல்வேகம் காட்டும் பெட்டி செய்தோம். உருளை ஒருமுறை சுற்றினால் சென்சார் ஒரு துடிப்பு தரும். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே எத்தனை மைக்ரோவினாடி என்று எண்ணி, 6 கோடியை அதனால் வகுத்தால் நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று வந்துவிடும். விலை கட்டுப்படியாக வேண்டுமே என்று பிக் 16எஃப்676 என்ற மைக்ரோகன்ட்ரோலர் (நிரல் எழுதி ஓட்டும் குட்டிக் கணினி) சிப்பை எடுத்தோம். துல்லியமான கடிகாரத் துடிப்பு தரும் கிரிஸ்டல்கூட வெளியே வைக்கவில்லை. உள்ளேயே 4 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் இருக்கிறது. அதை நான்கால் வகுத்து ஓடுவதால் ஓர் எண்ணுக்கு ஒரு மைக்ரோவினாடி.

மில் ஃபிட்டர் சுழல்வேகம் அளக்கும் தன் டாக்கோமீட்டரை நீட்டினார். “தம்பி, இது 1500 என்கிறது, உங்கள் பெட்டி 1518 என்கிறது. எதை எழுதிக்கொள்வது?”

இரண்டு துடிப்புகளுக்கு நடுவே 40,000 மைக்ரோவினாடி வரவேண்டிய இடத்தில் 39,520 வந்திருந்தது. நிரலில் பிழை தேடி இரண்டு நாள் வீணானது. உள் கடிகாரம் 1 சதவீதத்துக்குள் நிற்பது 25 டிகிரியில், 3.5 வோல்ட்டில் மட்டும்தான் என்று தரவுத்தாளிலேயே போட்டிருக்கிறது. நாங்கள் கொடுத்தது 5 வோல்ட். மில்லின் வெக்கை வேறு. (அந்தக் கடிகாரத்துக்கான திருத்த எண்ணைத் தொழிற்சாலையில் நினைவகத்தின் கடைசி இடத்தில் எழுதி அனுப்புகிறார்கள். சிப்பில் நிரலை ஏற்றும் மலிவான புரோகிராமர் கருவியால் அதையும் அழித்து, ஒரு சிப் திரும்பத் திரும்ப முதலிலிருந்தே தொடங்கிக்கொண்டிருந்த கதை தனி.)

கிரிஸ்டல் போட்டால் சிப்பின் இரண்டு கால்கள் போய்விடும், எல்.சி.டி. திரைக்கும் பொத்தான்களுக்கும் ஏறக்குறைய எல்லாவற்றையும் கொடுத்தாகிவிட்டது. மிஞ்சியிருந்த ஒரே காலில், மின்னிணைப்பு இல்லாமல் ஒளி வழியே சைகையைக் கடத்தும் ஆப்டோகப்ளர் வழியாக, ஒப்பிட்டுப் பார்க்க 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையே கொண்டுவந்தேன். “கரண்டை நம்பியா அளக்கப் போகிறாய்?” என்று முதலாளி சிரித்தார். ஆனால் இப்போது நம் மின்தொகுப்பை 49.90க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் இடையில் வைத்திருக்கவே பார்க்கிறார்கள். எங்கள் சிப்பைவிட அது எவ்வளவோ யோக்கியம்.

முதலில் அந்த மின்சாரத்தின் அரைச் சுழற்சிகளை மைக்ரோவினாடியில் அளந்தேன். ஒன்று 9,640, அடுத்தது 10,120. ஆப்டோகப்ளர் திறப்பதும் மூடுவதும் ஒரே மட்டத்தில் நடப்பதில்லை. முழுச் சுழற்சியாக எடுத்ததும் 19,760 என்று அசையாமல் நின்றது. ஐம்பது சுழற்சிக்கு 10,00,000 வரவேண்டும், வந்தது 9,88,000. உருளையின் துடிப்பையும் இதே கோணல் கடிகாரம்தான் அளக்கிறது என்பதால், இரண்டின் விகிதம் எடுத்தால் கோணல் கழிந்துவிடும். வெக்கை ஏறினாலும் இரண்டும் சேர்ந்தே நகரும்.

அடுத்த முறை போனபோது பெட்டியில் 1499. ஃபிட்டர் டாக்கோமீட்டரைப் பையிலிருந்து எடுக்காமலேயே நோட்டில் எழுதிக்கொண்டார்.