வீட்டிலேயே தனிமைப்படுங்கள் என்றார்கள், நான் இருந்தது போர்டிங்கில்

2020 ஒக்டோபர் கடைசி. கொழும்பை அடுத்த பேலியகொடை மீன் சந்தையில் கொரோனாத் தொற்று பிடிபட்டு, கொழும்பு வடக்கில் ஒவ்வொரு பொலிஸ் பிரிவாக மூடிக்கொண்டு வந்த நேரம். நான் தாதியாக வேலை செய்த அரச வைத்தியசாலையில், மூச்சுத்திணறலோடு வந்த முகத்துவாரத்து ஐயா ஒருவருக்கு பிசிஆர் பொசிட்டிவ் என்று வந்தது. ரிப்போர்ட் வரும் முன்பே அவருக்கு நெபுலைசர் பிடித்தவள் நான். முகத்தில் சாதாரண சேர்ஜிக்கல் மாஸ்க் மட்டுந்தான்.

தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி பட்டியல் எடுக்க வந்தார். எவ்வளவு நேரம் பக்கத்தில் நின்றீர்கள், ஒரு மீட்டருக்குள்ளா, என்ன மாஸ்க், நெபுலைசர் போட்டீர்களா, சளி உறிஞ்சி எடுத்தீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினார். நெபுலைசர் நோயாளியின் மூச்சிலிருக்கும் நுண்துளிகளை அறை முழுவதும் பரப்பிவிடலாம். அதனால் நான் முதல் தொடர்பாளர், அதாவது தொற்றாளரோடு நேரடியாகக் கிட்ட நின்றவள். என்னோடு வார்ட்டில் நின்ற சிற்றூழியர் அக்காவும் அப்படித்தான்.

அந்த மாதம்தான் நடைமுறை மாறியிருந்தது. அதுவரை முதல் தொடர்பாளர்களை இராணுவம் நடத்திய நிலையங்களுக்குக் கொண்டுபோனார்கள். ஆட்கள் கூடிப்போனதும், அவரவர் வீட்டிலேயே 14 நாள் தனிமைப்படுத்தும் முறை வந்தது. எனக்கும் அதையே சொன்னார்கள். வீட்டுக்குப் போங்கள், உங்கள் பகுதி பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பேசுவார்.

என் வீடு மட்டக்களப்பில். மேல் மாகாணம் முழுக்கத் தனிமைப்படுத்தல் ஊரடங்கு வந்ததால் மாகாண எல்லையைத் தாண்ட முடியாது. வழி திறந்திருந்தாலும் அம்மாவிடம் நோயைக் கொண்டுபோயிருக்க மாட்டேன். கொழும்பில் நான் இருந்தது வெள்ளவத்தையில் ஒரு போர்டிங். இரண்டு அறைகளில் நாலு பெண்பிள்ளைகள், எல்லோருக்கும் ஒரே பாத்ரூம், ஒரே குசினி. வீட்டுக்கார அன்ரிக்கு எழுபது வயதுக்கு மேல். நான் போன் எடுத்ததும் அவர் அழுதுவிட்டார். "பிள்ளை, நான் உம்மைப் போகச் சொல்லேல்லை. எனக்குச் சீனியும் பிரஷரும் இருக்கு, என்ன செய்யிறது சொல்லும்" என்றார். "நான் வரமாட்டேன் அன்ரி, பயப்படாதீங்க" என்றேன். அவரிடம் எந்தக் குறையும் இல்லை. அவருடைய இடத்தில் என் அம்மா இருந்திருந்தால் நானே கதவைப் பூட்டச் சொல்லியிருப்பேன்.

சரி, எங்கே போவது? தாதியர் விடுதியில் அறைகள் எல்லாம் பகிர்ந்து தங்குபவை, பாத்ரூமும் பொது. அங்கே ஒரு முதல் தொடர்பாளரை வைத்தால் அடுத்த வாரம் வேலைக்கு வர ஆளிருக்காது என்று மேட்ரன் சொன்னார். அது சரிதான். நிர்வாகத்தில் கேட்டால், தனிமைப்படுத்தல் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் வேலை என்றார்கள். அந்த அலுவலகத்துக்கு எடுத்தால், நீங்கள் வைத்தியசாலை ஊழியர், அவர்கள்தான் இடம் தரவேண்டும் என்றார்கள். இரண்டு பக்கமும் பேசியவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். அவர்களுக்கும் நித்திரை இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது. ஆனால் அந்த நேரமெல்லாம் நான் வார்ட்டின் விரிவுரை அறையில் ஒரு கதிரையில், யாரும் கிட்ட வராமல், பசியோடு உட்கார்ந்திருந்தேன். கொழும்பு வைத்தியசாலைகளில் வேலை செய்பவர்களில் எத்தனையோ பேர் வெளியூர்க்காரர். எத்தனை பேர் போர்டிங்கில் இருக்கிறார்கள், யாருக்குத் தனி பாத்ரூம் இல்லை, யார் வீட்டில் வயதானவர்கள் என்று ஒரு பட்டியல் மார்ச் மாதமே எடுத்திருக்கலாம். ஊரடங்கு போட்ட முதல் வாரத்திலேயே தேவைப்பட்ட பட்டியல் அது. எங்கள் இடத்தில் யாரிடமும் அது இருக்கவில்லை. இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இருக்கிறது.

வழி காட்டியவர் அந்தத் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிதான். "நங்கி (தங்கச்சி), போர்டிங் என்று எழுதினால் யாருக்கும் விளங்காது, இப்படி எழுதுங்கள்" என்று சிங்களத்தில் சொல்லிச் சொல்லி எழுத வைத்தார். தொடர்பு ஏற்பட்ட திகதி, நெபுலைசர், முகக்கவச வகை, முதல் தொடர்பாளர் என்ற வகைப்பாடு. அதற்குக் கீழே தனி அறை இல்லை, தனி பாத்ரூம் இல்லை, அதே வீட்டில் நீரிழிவுள்ள முதியவர் ஒருவர். வார்ட்டுப் பொறுப்பு வைத்திய நிபுணர் கையெழுத்திட்டார், பணிப்பாளர் அலுவலகம் முத்திரை குத்தியது. "இடமில்லை" என்று நான் வாயால் சொன்னபோது அது என் சொந்தப் பிரச்சினையாகவே தெரிந்தது. கடிதம் போனதும் அது தொற்றுப் பிரச்சினையாகிவிட்டது. அன்றிரவே இடம் கிடைத்தது.

சுற்றுலாப் பயணிகள் இல்லாமல் வெறுமையாய்க் கிடந்த ஒரு சின்ன ஹோட்டல். சுகாதார ஊழியர்களுக்கு அறை தர ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டோவில் போக விடவில்லை, அம்பியூலன்ஸிலேயே கொண்டுபோய் இறக்கினார்கள். அறையில் பாத்ரூம் உண்டு, ஜன்னல் திறக்கும். ஏசி போடவேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார்கள். சாப்பாட்டுப் பார்சலைக் கதவுக்கு வெளியே ஒரு கதிரையில் வைத்துத் தட்டிவிட்டுப் போவார்கள், போன பிறகு நாம் எடுக்கவேண்டும். காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து வட்ஸப்பில் அனுப்பவேண்டும். உடுப்பை நாமே தோய்ப்பது, குப்பையை இரண்டு பைக்குள் போட்டுக் கட்டுவது, இவ்வளவுதான் விதிகள்.

சாப்பாடு கொண்டுவந்த தம்பி ஹட்டன் பக்கத்துப் பையன். முதல் நாள் அவன் பார்சலை வைத்துவிட்டு ஓடிய சத்தம் கேட்டது. அவனுக்கு யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரே சோடிக் கையுறையோடு எல்லா அறைக் குப்பையையும் எடுத்துவிட்டு, அந்தக் கையோடே போனை எடுத்துப் பேசுகிறான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று தமிழில் சொன்னேன். "தம்பி, கையுறையின் வெளிப்பக்கத்தை வெறும் கையால் தொடாதீங்க. மணிக்கட்டில் பிடிச்சு உள்பக்கம் வெளியே வாற மாதிரி உருட்டிக் கழற்றுங்க. பிறகு சவர்க்காரம் போட்டு இருபது செக்கன் கழுவுங்க." அடுத்த நாள் அவன் வந்து, "அக்கா, செஞ்சு பாத்தேன், மத்தவங்களுக்கும் காட்டிக் குடுத்தேன்" என்றான். எங்களைப் பாதுகாக்க ஹோட்டல் பிடித்தவர்கள், எங்களுக்குச் சோறு கொண்டுவருபவர்களுக்கு அரை மணி நேரப் பயிற்சியாவது கொடுத்திருக்கவேண்டும். தொற்றுள்ளவராக இருக்கக்கூடிய ஒருவரின் குப்பையைத் தூக்குவதும் சுகாதார வேலைதான்.

இருந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தொண்டை கொஞ்சம் கரகரத்தாலும் நெஞ்சு இடிக்கும். அம்மா ஒவ்வொரு இரவும் வீடியோவில் வந்து என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

மனதில் நின்றது சிற்றூழியர் அக்காவின் நிலைமை. அவரும் நானும் ஒரே கட்டிலின் இரண்டு பக்கம் நின்றவர்கள். ஆனால் படிவத்தில் அவருக்குக் கொழும்பிலேயே "சொந்த வீடு" இருந்தது. கொலன்னாவையில் ஒரே அறை, மூன்று பிள்ளைகள், அடுத்த வீட்டோடு சேர்ந்த கழிப்பறை. அவரை வீட்டுக்கு அனுப்பி, கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டினார்கள். நாட்கூலிக்குப் போகும் அவருடைய கணவரும் உள்ளேயே அடைபட்டார். கடிதம் எழுதும் வழி எனக்குத் தெரிந்ததும் அக்காவிடம் போனில் சொன்னேன், தாதியிடமும் சொன்னேன். பதில் வருவதற்குள் ஒரு வாரம் போய்விட்டது, இனி மாற்றிப் பயனில்லை என்றார்கள். கடைசியில் அவர்கள் வீட்டில் யாருக்கும் தொற்றவில்லை. அதற்கு அக்கா இரவெல்லாம் வாசற்படியில் மாஸ்க்கோடு படுத்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஏற்பாடு எதுவும் அவரைக் காப்பாற்றவில்லை.

என் பிசிஆர் நெகட்டிவ். போர்டிங்குக்குத் திரும்ப அந்த ரிப்போர்ட் மட்டும் போதவில்லை. மற்றப் பிள்ளைகளின் வீட்டுக்காரர்கள் பயந்தார்கள். பிஎச்ஐ ஐயாவிடம் கேட்டுக்கொண்டதும், அவரே அன்ரிக்குப் போன் எடுத்து, பதினாலு நாளும் முடிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று விளக்கினார். அன்ரி எனக்காகக் குத்தரிசிச் சோறும் மீன்குழம்பும் வைத்திருந்தார்.

வேறு தொற்று ஒன்று வந்து இதே நிலையில் யாராவது நின்றால், அந்த முதல் கடிதத்தையும் தனிமைப்படுத்தல் முடிந்ததற்கான சான்றிதழையும் பல பிரதிகள் எடுத்து வையுங்கள். மாதக் கடைசியில் சம்பளப் பிரிவில் என் நாட்கள் சாதாரண விடுமுறையாகக் கழிபட்டிருந்தன. இரண்டு பிரதியையும் காட்டிய பிறகுதான் அதைக் கடமை விடுமுறையாக மாற்றினார்கள். அக்காவிடம் முதல் கடிதமே இல்லாததால் அவருக்காக மேட்ரன் தனியாக எழுதவேண்டி வந்தது. அந்தப் பணம் அவர் கைக்கு வர அடுத்த சம்பளம் வரை ஆனது.