என்னைவிட நான்கு வயது இளைய நாடு

நம் பள்ளி மலர்க் குழுவினர் பள்ளி நாட்களைப் பற்றி எழுதுமாறு கேட்டபோது சற்றுத் தயங்கினேன். உங்களில் பலர் பாலர் வகுப்பிலிருந்தே அங்கு படித்தவர்கள். நானோ 1974இல், ஒன்பதாம் வகுப்பில், இடையில் வந்து சேர்ந்தவன். அதற்கு முந்திய ஏழு ஆண்டுகளைச் சாம்பியாவின் செப்புச் சுரங்க நகரான கிட்வேயில் கழித்திருந்தேன். பள்ளியை விட்டு விலகும்வரை 'சாம்பியா' என்பதே என் பெயராக இருந்தது என்பது வகுப்புத் தோழர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பட்டப்பெயரின் கதையையே இங்கு எழுதுகிறேன்.

1964 அக்டோபர் 24இல் சாம்பியா விடுதலை பெற்றபோது எனக்கு நான்கு வயது. அன்று அந்நாட்டில் இருந்த பட்டதாரிகள் நூறு பேரளவினரே. செப்பை அள்ளிச் சென்றவர்களுக்குப் பள்ளிக்கூடங்களில் அவ்வளவு அக்கறை இருக்கவில்லை. புதிய அரசு ஊருக்கு ஊர் பள்ளிகளைத் திறந்துவிட்டு, கற்பிக்க ஆளில்லாமல் வெளிநாட்டு ஆசிரியர்களை ஒப்பந்தத்தில் எடுத்தது. கணித ஆசிரியரான அப்பா அப்படித்தான் 1967இல் இலங்கையிலிருந்து எங்களையும் கூட்டிக்கொண்டு போனார்.

நான் சேர்ந்த பள்ளி முன்பு வெள்ளையர் பிள்ளைகளுக்கென நடந்தது. மண்டபத்துச் சுவரில் பொன்னெழுத்தில் இருந்த பெயர்களில் ஒன்றுகூட வகுப்பில் இருந்த எவருடைய பெயரையும் ஒத்திருக்கவில்லை. சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளே பெரும்பாலோர். பிந்திச் சேர்ந்ததால் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர்களும் பக்கத்து வாங்கில் இருந்தார்கள். உருக்காலைப் புகையின் கந்தக நெடி காற்று திரும்பும்போதெல்லாம் வகுப்பறைக்குள் வரும். தெற்கே ரொடீசியாவின் வெள்ளையர் ஆட்சி 1965இல் தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்த பின்னர் அவ்வழியே வந்த எண்ணெய் நின்றுபோனதால், தார் எஸ் சலாமிலிருந்து குழாய் வந்து சேரும்வரை பெற்றோல் பங்கீட்டில்தான் கிடைத்தது.

எல்லாவற்றிலும் தெளிவாக நினைவில் நிற்பது 1968 ஜனவரியில் காசு மாறிய நாட்கள். அதுவரை பவுண், சிலிங், பென்ஸ். ரூபாயும் சதமும் பழகிய எனக்குப் பன்னிரண்டு பென்ஸ் ஒரு சிலிங் என்பது பெரும் தலையிடி. புதிய குவாச்சாவோ நூறு ங்வீ. வகுப்பில் முதன்முறையாக நான் கெட்டிக்காரனானேன். 'குவாச்சா' என்றால் 'விடிந்தது' என்று பொருள். விடுதலைப் போராட்டத்தில் கூவிய சொல்லையே பணத்துக்கும் பெயராக வைத்துவிட்டார்கள். ஒரு சிலிங் பத்து ங்வீ என்ற கணக்கு இலகுவானதுதான். ஆனால் சந்தையில் தக்காளி ஒரு கூறு மூன்று பென்ஸ், அதாவது இரண்டரை ங்வீ, அரை ங்வீக்கோ காசே இல்லை! அம்மாவும் கூறு வைத்திருந்த பெண்ணும் மாறி மாறி விரல்விட்டு எண்ணினார்கள். ஈற்றில் அவள் கூற்றின் மேல் இன்னொரு பழத்தை வைத்து மூன்று விரல்களைக் காட்டினாள். காசை வாங்கியதும் இரு உள்ளங்கைகளையும் குவித்து மெல்லத் தட்டி, 'நத்தோதெலா' என்றாள். பெம்பா மொழியில் அது நன்றி.

'ஒரே சாம்பியா, ஒரே நாடு' என்பது ஜனாதிபதி கவுண்டாவின் முழக்கம். அதை ஒலித்த வானொலியே ஆங்கிலத்தோடு ஏழு உள்ளூர் மொழிகளிலும் பேசியது. இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியான 1956ஐக் கண்டு வந்த அப்பா அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை; விளங்காத மொழியானாலும் வானொலியை நிறுத்தமாட்டார். எல்லாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை; 1972 இறுதியில் ஒரு கட்சியைத் தவிர மற்றவை சட்டவிரோதமாயின, வீட்டில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினார்கள்.

ஊர் திரும்பியபோது இங்கே, பல்கலைக்கழகம் புகத் தமிழ் மாணவரிடம் கூடிய புள்ளி கேட்ட தரப்படுத்தல் பற்றிய பேச்சே எங்கும். முதல் வாரம் புவியியல் பாடத்தில், நான் இருந்த இடத்தைக் காட்டும்படி ஆசிரியர் சொன்னார். சுவரில் தொங்கிய படத்தில் அப்படியொரு நாடு இல்லை. 'வட ரொடீசியா' என்றுதான் இருந்தது. பத்து வருடப் பிழை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஐயா கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, தன் பேனையைத் தந்து, "ஏறித் திருத்தும்" என்றார். பெரிய எழுத்தில் தொடங்கிவிட்டதால் இடம் போதாமல் கடைசி 'யா' எல்லை தாண்டி நியாசலாந்தின் மேல் விழுந்தது. அந்த நாடும் 1964இலேயே மலாவி ஆகிவிட்டிருந்தது. ஆனால் அதைப் பற்றி ஐயா கேட்கவில்லை, நானும் கதிரையை விட்டு இறங்கிவிட்டேன்.