பேக்பைப் தேர்வுக்குப் படித்த கதை: ஆன்லைனில் எனக்கு உதவியவை

கிளாஸ்கோவுக்குப் படிக்கப் போன இடத்தில், பையில் காற்றை நிரப்பி வாசிக்கும் ஸ்காட்லாந்து இசைக்கருவியான பேக்பைப் மேல் ஆசை வந்து, ப்ராக்டிஸ் சாண்டர் ஒன்று வாங்கினேன். பையும், ஒரே ஸ்வரத்தைத் தொடர்ந்து ஒலிக்கும் ட்ரோன் குழல்களும் இல்லாத சின்னக் குழல். எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒன்பது ஸ்வரம்தானே என்று நான்கு மாதம் யூடியூப்பை மட்டும் நம்பிப் பழகினேன். ஆரம்பநிலைத் தேர்வு எழுதப் போகிறவர்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

வீடியோ நம் விரலைப் பார்க்காது. 'டி' ஸ்வரத்திலிருந்து 'இ' ஸ்வரத்துக்குப் போகும்போது வலது கையின் மூன்று விரல்கள் மூட, அந்தக் கைச் சுண்டுவிரலும் இடது மோதிர விரலும் அதே கணத்தில் எழ வேண்டும். மோதிர விரல் துளி பிந்தினாலும் நடுவில் 'லோ ஏ' என்ற கீழ் ஸ்வரம் எட்டிப் பார்க்கும். கிராஸிங் நாய்ஸ் என்பது இதுதான். என் காதில் அது விழவே இல்லை. ஆன்லைன் நேரடி வகுப்பில் சேர்ந்த முதல் நாளே ஆசிரியர் பிடித்துவிட்டார். நேஷனல் பைப்பிங் சென்டர் இப்படிப்பட்ட வகுப்புகள் நடத்துகிறது. மாதம் இரண்டு வகுப்பு எடுத்தாலும் போதும். மற்ற நாட்களில் போனில் உங்கள் விரல்களைப் படம்பிடித்து, பாதி வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் கிரேஸ் நோட், அதாவது ஸ்வரங்களுக்கு நடுவே கண நேரம் மட்டும் ஒலிக்கும் குட்டி ஸ்வரம். சாண்டரில் நாக்கால் ஒலியை வெட்டலாம், பையில் அது நடக்காது. காற்று நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். ஒரே ஸ்வரம் இரண்டு முறை வர வேண்டுமானால் நடுவே இன்னொன்றைச் சுண்டிவிட்டால்தான் பிரியும். இந்தக் காரணம் புரிந்தபின் தியரி எனக்குப் பாரமாகவே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது டோபர் அன் துவால்ஹாஸ் என்ற ஸ்காட்லாந்து ஒலி ஆவணத் தளம். இலவசம்தான். பழைய பைப்பர்கள் வாசிப்பதோடு, மெட்டை அசைகளாகப் பாடும் 'கன்டரஹ்க்' பதிவுகளும் அதில் உண்டு. ஜதி சொல்லிக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வழி சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பாட வராத இடத்தில்தான் என் விரலும் தடுமாறியது. அதனால் புது மெட்டு எதுவானாலும் முதல் மூன்று நாள் வாய்ப்பாடம் மட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

தேர்வு அன்று வெளியே காத்திருந்தபோது சாண்டரை நான் எடுக்கவில்லை. மெட்டை முணுமுணுப்பாக இரண்டு முறை பாடிவிட்டு உள்ளே போனேன்.